எந்தக் கேள்விக்கு இந்த மதிப்பெண்?



2023 மே 24 அன்று என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெமரி 8 ஜிபி, அமெரிக்க விலை 399 டாலர். ஜூலை 18 அன்று அதே பெயரில் இன்னொரு கார்டு வந்தது. மெமரி 16 ஜிபி, விலை 499 டாலர். இரண்டிலும் ஒரே சிப்தான். இதிலும் 4,352 கோர்கள், அதிலும் 4,352 கோர்கள். மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதை இரண்டிலும் 128 பிட் அகலம்; அதன் வழியே நொடிக்கு 288 ஜிபி தரவு போய்வரும். இந்த இரண்டையும் 3டிமார்க் டைம் ஸ்பை சோதனையில் ஓட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வரும். ஒரே கார்டை இரண்டு தடவை ஓட்டினால் எவ்வளவு ஏறி இறங்குமோ அவ்வளவுதான் இங்கேயும் வித்தியாசம்.

அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த 100 டாலர் வீண்தானா? அதே 2023-இல் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகத்தை டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்து ஓட்டியவர்கள் வேறு பதில் சொன்னார்கள். 8 ஜிபி கார்டில் காட்சி விக்கி விக்கி நகர்ந்தது. 16 ஜிபி கார்டில் அந்த விக்கல் இல்லை. வேறு சில விளையாட்டுகளில் வேகம் குறையவே இல்லை. அதற்குப் பதிலாகச் சுவரும் தரையும் சேறு பூசியதுபோல் மங்கின. மெமரியில் இடம் போதாமல், தெளிவான டெக்ஸ்சரை ஏற்றாமலே விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

டைம் ஸ்பை பொய் சொல்லவில்லை. அது 2016 ஜூலையில் வெளியான சோதனை. ஜிடிஎக்ஸ் 1060 கடைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். 6 ஜிபி, 8 ஜிபி மெமரி என்பதே நடுத்தரக் கார்டுக்குத் தாராளம் என்றிருந்த காலத்தில், அந்தக் கார்டுகளில் சுகமாக ஓடும்படி எழுதப்பட்டது. 8 ஜிபி போதுமா என்ற கேள்வியை அது யாரிடமும் கேட்டதே இல்லை. கேட்காத கேள்விக்கு அதன் மதிப்பெண்ணில் பதில் தேடுகிறோம் நாம். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்தக் கேள்விக்குக் கொடுத்த மதிப்பெண் என்று பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், நடுத்தரக் கார்டு வாங்குபவருக்குத் தவறு செய்ய இடமில்லை. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து உச்சக் கார்டு வாங்குபவர் எதை எடுத்தாலும் எல்லா விளையாட்டும் ஓடிவிடும். 20,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்குள் தேடுகிற மாணவரும், வீடியோ எடிட்டிங்கில் பிழைப்பு நடத்துகிற இளைஞரும் அந்தக் கார்டோடு நாலைந்து வருடம் குடித்தனம் நடத்தியாக வேண்டும். நிறுவனங்கள் வெட்டிக் குறைப்பதும் இந்த விலைப் பிரிவில்தான்: மெமரியைக் குறைப்பார்கள், பாதையைக் குறுக்குவார்கள், மதர்போர்டோடு பேசும் இணைப்பைப் பாதியாக்குவார்கள். எங்கே வெட்டினார்கள் என்பதை ஒற்றை எண்ணில் கண்டுபிடிக்க முடியாது.

சிந்தெடிக் பெஞ்ச்மார்க், அதாவது செயற்கைச் சோதனை என்றால் என்ன? யாரும் விளையாடாத ஒரு விளையாட்டின் காட்சி அது. கேமரா முன்பே வகுத்த பாதையில் போகும். விளக்கு, புகை, நிழல் எல்லாம் ஒவ்வொரு முறையும் அதே நொடியில் அதே இடத்தில் வரும். 1997-இல் பின்லாந்தில் தொடங்கிய ஃபியூச்சர்மார்க் நிறுவனம் அடுத்த ஆண்டே முதல் 3டிமார்க்கை வெளியிட்டது. 2014-இல் அந்த நிறுவனத்தை அமெரிக்காவின் யூஎல் வாங்கியது. ரஷ்யாவின் டோம்ஸ்க் நகரத்திலிருந்து யூனிஜின் குழுவினர் 2009-இல் ஹெவன், 2013-இல் வேலி, 2017-இல் சூப்பர்பொசிஷன் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் கார்டுகளை ஒப்பிடுவோர் கையில் புழங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்கள்தான்.

ஒவ்வொரு ஓட்டமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதே இந்தச் சோதனைகளின் பெரிய பலம். நிஜ விளையாட்டில் எதிரி இடப்பக்கம் ஓடினால் ஒரு வேகம், வலப்பக்கம் ஓடினால் இன்னொரு வேகம். சோதனையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. பைக் வாங்கும்போது ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றளித்த மைலேஜைப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல. எல்லா வண்டியையும் ஒரே நிலைமையில் ஓட்டி எடுத்த எண் அது. வண்டிக்கு வண்டி ஒப்பிடப் பயன்படும். ஆனால் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குத் தினமும் போய்வருகிறவர், அந்த மைலேஜ் தனக்குக் கிடைக்கும் என்று நம்பி பெட்ரோலுக்குக் கணக்குப் போடுவதில்லை. அந்த நிதானம் கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் நம்மிடம் இன்னும் வரவில்லை.

சரி, அந்த எண் எப்படிப் பிறக்கிறது? இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

டைம் ஸ்பையில் இரண்டு கிராபிக்ஸ் சோதனைகளும் ஒரு பிராசஸர் சோதனையும் உண்டு. கிராபிக்ஸ் சோதனைகள் 2560-க்கு 1440 என்ற அளவில் வரையப்படுகின்றன. இரண்டிலும் கிடைத்த எஃப்பிஎஸ்ஸுக்கு இசைச் சராசரி எடுத்து அதை 164-ஆல் பெருக்குகிறார்கள். அதுதான் கிராபிக்ஸ் மதிப்பெண். ஆக, ஒரு கார்டுக்கு 10,000 வந்தது என்றால், அந்தக் காட்சியை அது நொடிக்குச் சுமார் 61 ஃபிரேம் வேகத்தில் வரைந்தது என்று பொருள். வேறு மந்திரம் எதுவும் அந்த எண்ணில் இல்லை. ஒருவர் 10,600 என்றும் இன்னொருவர் 10,900 என்றும் சண்டை போடும்போது, அவர்கள் உண்மையில் சண்டை போடுவது இரண்டு ஃபிரேமுக்கும் குறைவான வித்தியாசத்துக்காக.

பலரும் ஒப்பிடுவது இந்தக் கிராபிக்ஸ் மதிப்பெண்ணைக்கூட அல்ல. திரையில் பெரிய எழுத்தில் வரும் மொத்த மதிப்பெண்ணைத்தான். அதில் கிராபிக்ஸுக்கு 85 பங்கு, பிராசஸருக்கு 15 பங்கு; இதுவும் இசைச் சராசரிதான். கிராபிக்ஸில் 10,000 எடுத்த கார்டை, பிராசஸர் சோதனையில் 6,000 எடுக்கும் கணினியில் பொருத்தினால் மொத்தம் 9,091 வரும். அதே கார்டைக் கழற்றி, 12,000 எடுக்கும் கணினியில் பொருத்தினால் 10,256. கார்டில் ஒரு திருகுகூட மாறவில்லை. மதிப்பெண் 1,165 கூடிவிட்டது. நண்பர் ஒருவர் தன் கணினியில் வந்த எண்ணைச் சொல்லி உங்கள் கார்டு மட்டம் என்றால், முதலில் எந்த வரியைப் படித்தார் என்று கேளுங்கள்.

இசைச் சராசரியோ கூட்டுச் சராசரியோ, சராசரி என்றாலே ஒன்று தொலையும். ஒரு நொடியில் 60 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடி எடுத்தால் கண்ணுக்குத் தண்ணீர்போல் ஓடும். 57 ஃபிரேம்கள் 14 மில்லிநொடி வீதமும், மீதி மூன்று ஃபிரேம்கள் 67 மில்லிநொடி வீதமும் எடுத்தாலும் நொடிக்கு 60-தான். ஆனால் அந்த மூன்று இடத்தில் படம் நின்று நின்று போகும். துப்பாக்கிச் சண்டையில் அந்த இடத்தில்தான் நீங்கள் சாவீர்கள். 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக வரைந்து காட்டினார். அதற்குப் பிறகுதான் விமர்சகர்கள் சராசரியோடு நிற்காமல், மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் கணக்கையும் போட ஆரம்பித்தார்கள். 3டிமார்க்கின் பெரிய எண்ணில் அந்தக் கணக்கு இல்லை.

இப்போது சற்றுப் பழைய கதை. இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கதை எனக்குத் தெரியாது. அதனால் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2003 பிப்ரவரியில் 3டிமார்க்03 வந்தது. அப்போது, விளையாட்டுகள் கார்டோடு பேசும் மொழியான டைரக்ட்எக்ஸில் 9-ஆம் பதிப்பு புதிது; ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களான ஷேடர்களில் அது கொண்டுவந்த புதுவகையைப் பயன்படுத்தும் விளையாட்டு கடையில் கிடையாது. 3டிமார்க்03-இன் நான்காவது காட்சி, மரமும் ஓடையும் வானமுமான காட்சி, அந்த ஷேடர்களைப் போட்டு வதைத்தது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரிசை அதில் திணறியது. போட்டி நிறுவனமான ஏடிஐ-யின் ரேடியான் 9800 புரோ இலகுவாக ஓடியது. என்விடியா சில மாதம் முன்பே ஃபியூச்சர்மார்க்கின் கூட்டாளித் திட்டத்திலிருந்து விலகியிருந்தது. இந்தச் சோதனை நிஜ விளையாட்டைப் பிரதிபலிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். பிறகு என்விடியாவின் புது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், வந்தது. மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது.

எக்ஸ்ட்ரீம்டெக் தளத்தாருக்குச் சந்தேகம் வந்தது. அவர்களிடம் சோதனையின் நிரலாளர் பதிப்பு இருந்தது. அதில் கேமராவை வகுத்த பாதையிலிருந்து விலக்கி இஷ்டம்போல் திருப்பலாம். திருப்பினார்கள். பாதையில் இருக்கும்வரை வானம் ஒழுங்காக இருந்தது. பாதையை விட்டு விலகியதும் வானத்தில் துண்டு துண்டாக ஓட்டைகள். பழைய ஃபிரேமின் மிச்சங்கள் கோலம் கலைந்ததுபோல் இழுபட்டுக் கிடந்தன. கேமரா எங்கே பார்க்கும் என்பது முன்பே தெரிந்ததால், பார்க்காத பக்கத்தை வரையாமலே விட்டுவிட டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிஜ விளையாட்டில் இது நடக்காது. ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று டிரைவருக்குத் தெரியாது.

மே மாதம் ஃபியூச்சர்மார்க் தன் அறிக்கையையும் திருத்தப் பதிப்பையும் வெளியிட்டது. டிரைவரால் சோதனையை அடையாளம் காண முடியாதபடி செய்ததும், ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 சதவீதம் சரிந்தது. ரேடியான் 9800 புரோவும் தப்பவில்லை, அதற்கு 1.9 சதவீதச் சரிவு. தங்கள் டிரைவர் ஷேடர் கட்டளைகளின் வரிசையை மாற்றியதை ஒப்புக்கொண்ட ஏடிஐ, அதை நீக்குவதாக அறிவித்தது. அந்த நிறுவனமும் இந்த விஷயத்தில் புதியதல்ல. 2001-இலேயே ரேடியான் 8500-இன் டிரைவர், குவேக் 3 விளையாட்டின் கோப்புப் பெயரைப் பார்த்துத் தனியாக நடந்துகொண்டதை ஹார்ட்ஓசிபி தளத்தார் கண்டுபிடித்தார்கள். விளையாட்டின் பெயரை 'குவேக்' என்பதிலிருந்து 'குவாக்' என்று மாற்றியதும் வேகம் குறைந்து, படத்தின் தெளிவு கூடியது. 2003 ஜூன் மாதம் ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் கூட்டறிக்கை விட்டன; மே மாத அறிக்கையில் சொன்ன 'ஏமாற்று' என்ற சொல்லை ஃபியூச்சர்மார்க் அதில் திரும்பப் பெற்றது.

பெரும்பாலானோர் இந்தக் கதையை இத்தோடு முடித்து, 'பார்த்தீர்களா, செயற்கைச் சோதனை எல்லாம் நம்பத் தகாதவை' என்று எழுந்து போய்விடுவார்கள். நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டின் வேகக் கணக்கை வெளியிட்டது. டைரக்ட்எக்ஸ் 9 முறையில் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவை ரேடியான் 9800 புரோ வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியிருந்தது. மறு ஆண்டு விளையாட்டு வெளிவந்தபோது, எஃப்எக்ஸ் கார்டு உள்ளவர்களுக்குப் பழைய டைரக்ட்எக்ஸ் 8.1 முறையைத்தான் அது தானாகத் தேர்ந்துகொண்டது. விளையாட்டே இல்லாத காலத்தில் 3டிமார்க்03 சொன்னதுதான் கடைசியில் நடந்தது. டிரைவரில் தில்லுமுல்லு செய்ய வேண்டிய அவசியம் வந்ததே, அந்தச் சோதனை சரியான இடத்தில் விரல் வைத்ததால்தான். வரப்போகிற தொழில்நுட்பத்தில் ஒரு கார்டு எங்கே தடுக்கி விழும் என்று முன்கூட்டிக் காட்ட, செயற்கைச் சோதனையைவிட நல்ல கருவி இன்றும் இல்லை. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குக்கான 3டிமார்க் சோதனையான போர்ட் ராயல் 2019 ஜனவரியில் வந்தபோது, அதை ஆதரிக்கும் விளையாட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். போட்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 7600-உம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-உம் டைம் ஸ்பையில் தோளோடு தோள் நிற்கும். போர்ட் ராயலில் 4060 முந்திவிடும். அந்த இடைவெளி, ரே டிரேசிங் கனமாக உள்ள விளையாட்டுகளில் அப்படியே தெரிகிறது.

இனி இன்டெல்லின் கதைக்கு வருகிறேன். தில்லுமுல்லு இல்லாமலே ஒரு மதிப்பெண் எப்படி வழிதவறச் செய்யும் என்பதற்கு இது பாடம். 2022 அக்டோபரில் ஆர்க் ஏ750 வந்தது, 289 டாலருக்கு. மெமரிப் பாதை 256 பிட், நொடிக்கு 512 ஜிபி. போட்டியாளரான ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 192 பிட், 360 ஜிபி. டைம் ஸ்பையில் ஏ750, 3060-ஐத் தாராளமாகத் தாண்டியது. விளையாட்டுகளைத் திறந்தால் நிலைமை வேறு. புதிய டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டு சிலவற்றில் வென்றது. பழைய டைரக்ட்எக்ஸ் 11, 9 விளையாட்டுகளில் தடுமாறியது. கவுன்டர்-ஸ்டிரைக்கின் அன்றைய பதிப்பு டைரக்ட்எக்ஸ் 9-இல் ஓடியது. நம் ஊர்ப் பையன்கள் தினமும் ஆடும் விளையாட்டு அது. அதில்தான் புதுக் கார்டு சோர்ந்தது. இன்டெல் இதை மறைக்கவில்லை. விளையாட்டுகளை மூன்று படியாகப் பிரித்து, தங்கள் கார்டு மோசமாக ஓடும் மூன்றாம் படியை வைத்தே விலை வைப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்கள். 2023 பிப்ரவரி டிரைவரில் டைரக்ட்எக்ஸ் 9 வேகம் நன்றாகவே கூடியது.

காரணம் இதுதான். டைம் ஸ்பை போன்ற சோதனை சிப்பின் ஒவ்வொரு மூலையையும் வேலையால் நிரப்பி வைக்கும். பெரிய சிப்புக்கு அது விருந்து. பழைய விளையாட்டோ சின்னச் சின்ன வேலையாக ஆயிரக்கணக்கில் அனுப்பும். ஒவ்வொன்றையும் பிரித்துச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது டிரைவர். அந்த டிரைவர் ஓடுவது உங்கள் பிராசஸரில். 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580 இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. 249 டாலரில் 12 ஜிபி மெமரி. வேகமான பிராசஸரோடு சோதித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். சில வாரத்தில், ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசஸரோடு பொருத்திப் பார்த்தவர்கள், பல விளையாட்டுகளில் வேகம் வெகுவாக விழுவதைக் காட்டினார்கள். மலிவான கார்டைத் தேடுகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய பிராசஸர்தான். கார்டு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் வீட்டில்தான் அது திணறியது. டைம் ஸ்பையின் கிராபிக்ஸ் சோதனை, பிராசஸர் குறுக்கே வராதபடி பார்த்துப் பார்த்து அமைக்கப்பட்டது. அளக்கும் கருவிக்கு அது தேவையான குணம். ஆனால் அதனாலேயே இந்தக் குறை அதன் கண்ணில் படவில்லை.

இதேபோல் கண்ணில் படாத இன்னொன்று மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு. ஸ்லாட்டில் 16 வழிகள் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் எட்டு வழிகளை மட்டும் பயன்படுத்துகின்றன. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நாலே வழி, மெமரியும் 4 ஜிபி. நான்காம் தலைமுறை மதர்போர்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. மூன்றாம் தலைமுறைப் போர்டில் ஒவ்வொரு வழியின் வேகமும் பாதி. மெமரிக்குள் அடங்கும் வேலை என்றால் அப்போதும் பாதகமில்லை. மெமரி நிரம்பி வழிந்து, கணினியின் ராமிலிருந்து இழுத்துவர வேண்டிய கணத்தில்தான் நான்கு வழிப் பாதை நெரிசலில் சிக்கும். 6500 எக்ஸ்டி-யைப் பழைய போர்டில் போட்டவர்கள் சில விளையாட்டில் வேகத்தில் பெரும் பகுதியை இழந்தார்கள். 3டிமார்க்கிலேயே இந்த இணைப்பை மட்டும் அளக்கத் தனிச் சோதனை ஒன்று உண்டு. அதை ஓட்டுகிறவர்கள்தான் மிகக் குறைவு.

கேஷ் மெமரி பற்றியும் ஒரு வார்த்தை. 3060-இல் சிப்புக்குள் இருந்த இரண்டாம் நிலை கேஷ் 3 எம்பி. 4060-இல் 24 எம்பி. இதை நம்பித்தான் மெமரிப் பாதையை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுக்கினார்கள். 1080 அளவில் தேவையானதில் பெரும் பகுதி கேஷிலேயே கிடைத்துவிடும். திரை பெரிதாகப் பெரிதாக அது கைகொடுப்பது குறையும். ஆகவே இரண்டு தலைமுறைகளை ஒப்பிடும்போது டைம் ஸ்பையோடு நிற்காமல், 4கே அளவில் ஓடும் டைம் ஸ்பை எக்ஸ்ட்ரீமையும் ஓட்டி, இடைவெளி சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால், பெரிய திரை வாங்கும் திட்டம் உள்ளவருக்கு அது முக்கியமான செய்தி.

இவ்வளவும் சொன்னபிறகு, செயற்கைச் சோதனை எங்கே ஈடு இணை இல்லாதது என்பதைச் சொல்லாமல் போனால் நான் நியாயம் தவறியவனாவேன்.

2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970 வந்தது. 329 டாலர், 4 ஜிபி மெமரி. விளையாட்டுச் சோதனைகள் எல்லாம் புகழ்ந்தன. நான்கு மாதம் பெரும்பாலோர் குறை காணவில்லை. சிலர் மட்டும், கார்டு 3.5 ஜிபிக்கு மேல் மெமரியைத் தொடவே தயங்குவதைக் கவனித்தார்கள். ஆர்வலர் ஒருவர் எழுதிய சிறு நிரல், மெமரியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் வேகத்தையும் அளந்தது. அது விளையாட்டும் அல்ல, அழகான காட்சியும் அல்ல. கடைசித் துண்டுகளில் வேகம் அதலபாதாளத்துக்குப் போனது. 2015 ஜனவரியில் என்விடியா விளக்கம் கொடுத்தது: மெமரி 3.5 ஜிபி, 0.5 ஜிபி என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது, பின்னது மெதுவானது. விமர்சகர்களுக்குக் கொடுத்த குறிப்பில் 64 என்று சொன்ன, பிக்சல்களை எழுதும் ஆர்ஓபி அலகுகளின் எண்ணிக்கை உண்மையில் 56; 2 எம்பி என்ற கேஷ் 1.75 எம்பி. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2016-இல் கார்டுக்கு 30 டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்ட சிறு சோதனைதான் இதை வெளிக்கொண்டு வந்தது.

அந்த வகைக் கேள்வி நமக்கு மிகவும் தேவைப்படும் இடம் செகண்ட் ஹேண்ட் சந்தை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு, கிராபிக்ஸ் கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்றுபோனது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு விசாரிக்கும் எவரும் இந்தச் சரக்கை எதிர்பார்த்தே போக வேண்டும். குறைந்த காசில் நல்ல கார்டு அமையவும் வாய்ப்புண்டு, ஏமாறவும் வாய்ப்புண்டு.

முதலில் ஜிபியூ-இசட் என்ற இலவச நிரலைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையை, அதாவது கோர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் 2,304 இருக்க வேண்டும். 2,048 காட்டினால் அது பெயரில் மட்டும் 580. வேகத்தில் ஆர்எக்ஸ் 570. பழைய என்விடியா கார்டின் பயாஸை மாற்றிப் புதிய பெயரில் விற்பதும் உண்டு. 2018-லிருந்து ஜிபியூ-இசட் அத்தகைய பலவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டுகிறது. அதே நிரலில் ஸ்லாட் எத்தனை வழியில் ஓடுகிறது என்பதும் தெரியும்.

பிறகு ஹெவனை ஓட விடுங்கள். இலவசப் பதிப்பிலேயே நீங்கள் நிறுத்தும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரமாவது ஓடட்டும். கடைக்காரர் இரண்டு நிமிடம் போதும் என்பார்; ஒத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும் தேய்ந்த ஃபேனும் தங்களைக் காட்டிக்கொள்ளச் சூடேற நேரம் வேண்டும். திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ பளிச்சிட்டால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கார்டு வேண்டாம். ஃபர்மார்க் ஓட்டிக் காட்டினால் வெப்பத்தைப் பார்க்கலாம், வேகத்தைப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையைக் கண்டாலே கார்டைக் காப்பதற்காக வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு உண்டு.

காசு கொடுத்து வாங்கிய 3டிமார்க் பதிப்பு நண்பர் யாரிடமாவது இருந்தால், அதில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்ற ஒன்று இருக்கிறது. ஒரே காட்சியை 20 சுற்று ஓட்டி, சுற்றுக்குச் சுற்று வேகம் எவ்வளவு நிலையாக இருந்தது என்று சதவீதத்தில் சொல்லும். 97-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. பழைய கார்டு வாங்கும்போது 9,000-ஆ 10,000-ஆ என்பதைவிட இந்த 97 எனக்குப் பெரிது. கடைசியாக, கிடைத்த கிராபிக்ஸ் மதிப்பெண்ணை அதே மாடல் கார்டுக்கு மற்றவர்கள் பெற்றதோடு மட்டும் ஒப்பிடுங்கள். சில சதவீதம் முன்னே பின்னே இருப்பது இயல்பு. பத்து சதவீதம் குறைந்தால் பவர் வயர் சரியாக ஏறியிருக்கிறதா, ஸ்லாட் முழு வழியில் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் வேறு கார்டைக் காட்டச் சொல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்வி கேட்க நினைப்பவர்கள், உங்கள் பிராசஸர், மதர்போர்டு, திரையின் அளவு, தினமும் ஆடும் விளையாட்டு ஆகிய நான்கையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த நான்கும் தெரியாமல் எந்தக் கார்டு நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.